கை கற்ற பாடம்

குழந்தைக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கும் நாளை நம் முன்னோர் ஒரு திருநாளாகவே போற்றி வந்தனர். விசயதசமியன்று கோயிலிலோ வீட்டிலோ ஏடு தொடக்கும்பொழுது, பெரியவர் ஒருவர் குழந்தையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைப் பற்றி, தட்டிற் பரப்பிய பச்சையரிசியில் அகரத்தை எழுதுவிப்பார். காகிதமும் பென்சிலும் மலிந்துவிட்ட இக்காலத்திலும் இவ்வழக்கம் மாறவில்லை. அங்கே எழுதுகோல் இல்லை, மை இல்லை, குழந்தையின் விரலே எழுதுகோல். இதனை ஒரு சடங்கென்று மட்டும் கருதி நாம் கடந்து போகின்றோம். அச்சடங்கினுள்ளே ஒரு கல்விமுறை அடங்கிக் கிடப்பதையும், அம்முறை ஒரு காலத்திற் கடல் கடந்து சென்றதையும் எண்ணிப் பார்ப்பவர் சிலரே. கையாற் செய்து கற்றல் என்று இன்று பாலர் வகுப்புகளிற் பெரிதாகப் பேசப்படுவது எங்கிருந்து வந்தது, யார் யார் கைப்பட்டு வளர்ந்தது, எங்கெங்கே இடறியது என்பவற்றை நம் இளைஞரும் பெரியோரும் ஒருங்கே அறிந்துகொள்ளுதல் நன்றெனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலே முதற் புத்தகம். சட்டம்பியார் ஓரெழுத்தைச் சொல்லி மணலில் எழுதிக் காட்டுவார். பிள்ளை அதை உரக்கச் சொல்லிக்கொண்டே அத்தடத்தின்மேல் விரலை ஓட்டும். பலமுறை ஓட்டித் தடம் பழகியபின் தானே எழுதும். பிழைத்தால் உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டாற் போதும். பிழை இருந்த இடமே தெரியாது. எழுத்து நன்கு கைவந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் பிள்ளையின் கைக்கு வரும். ஓலையிற் பிழைத்தால் ஓலை பழுது. ஆகவே மணல் பழகும் இடமாகவும், ஓலை பழகியதைக் காட்டும் இடமாகவும் இருந்தன. வாய் சொல்ல, செவி கேட்க, கண் பார்க்க, விரல் உணர, நான்கும் ஒரே பொழுதில் ஓரெழுத்தின்மேற் கூடின.

1623 ஆம் ஆண்டிற் கன்னட நாட்டு இக்கேரிக்கு வந்த பியெத்திரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலிய யாத்திரிகர், கோயில் முன்றிலிற் சிறுவர் நால்வர் கணக்குக் கற்கும் காட்சியை வியந்து எழுதி வைத்திருக்கின்றார். ஆசிரியர் அருகில் இல்லை. ஒரு சிறுவன் பாடத்தை இராகத்தோடு சொல்ல, மற்றவர்களும் அவ்வாறே சொல்லி, தரையிற் பரப்பிய நுண்மணலில் விரலால் எழுதினார்கள். தரை முழுதும் எழுத்தால் நிறைந்துவிட்டால் என்செய்வீர்கள் என்று அவர் கேட்டதற்கு, வேறு மணல் தூவிக்கொள்வோம் என்னுங் கருத்தில் விடை கிடைத்தது. காசு செலவில்லாத இந்தக் கல்விச்சாலை அவருக்குப் பெரும் புதுமையாகத் தோன்றியது.

இவ்வாறு வியந்தவர் அவர் ஒருவரல்லர். வேறொருவர் வியந்ததோடு நில்லாமல் அதனை எடுத்துக்கொண்டும் போனார். ஸ்கொத்லாந்திற் பிறந்த அந்திரு பெல் என்னும் பாதிரியார் 1787 இற் சென்னைக்கு வந்து, 1789 முதல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பாடசாலைக்கு மேற்பார்வையாளரானார். ஒருநாள் காலையிற் குதிரைமேற் செல்லும்போது, மலபார் பள்ளிக்கூடம் ஒன்றிற் பிள்ளைகள் நிலத்தில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் மலபார் என்னும் பெயராலேயே குறித்தனர் என்பது நம் நாட்டுப் பழைய அரசாங்க ஏடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெல் விடுதிக்குத் திரும்பியதும் எழுத்தறியாத சிறுவர்களுக்கு அவ்வாறே கற்பிக்கும்படி தம் உதவி ஆசிரியர்களைப் பணித்தார். அவர்களோ, இது ஆகாத காரியம் என்று கையை விரித்துவிட்டனர். பெல் அவர்களோடு வாதிடவில்லை. ஜோன் பிரிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அவ்வேலையை ஒப்படைத்தார். சிறுவன் செய்து காட்டினான். பெரியவர்களால் முடியாதென்று விடப்பட்ட காரியத்தை ஒரு பிள்ளை செய்துவிட்டதைக் கண்ட பெல், மூத்த மாணாக்கரைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கும் முறையைப் பாடசாலை முழுவதற்கும் விரித்தார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1796 இல் ஊர் திரும்பிய பெல், அடுத்த ஆண்டில் இம்முறையைப் பற்றி இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். யோசேப்பு லங்காஸ்ரர் என்னும் ஆசிரியரும் ஏறக்குறைய அதே காலத்தில் இலண்டன் ஏழைப் பிள்ளைகளுக்கு இத்தகைய பாடசாலையை நடத்தி, மணற்றட்டையும் பயன்படுத்தினார். முதலிற் கண்டவர் யார் என்று இருவரின் கட்சியாரும் நெடுங்காலம் பூசலிட்டனர். எழும்பூருக்கு அருகே மணலில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளை அப்பூசலில் ஒருவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை! 1811 இல் தொடங்கிய தேசிய சங்கம் இங்கிலாந்தெங்கும் பெல்லின் முறையிற் பாடசாலைகளை நிறுவியது. 'மதராஸ் முறை' என்பதே அதற்கு வழங்கிய பெயர். பெல்லின் பொருளுதவியால் அவர் பிறந்த சென் அந்திரூஸ் நகரில் எழுந்த கல்விச்சாலை இன்றும் மதராஸ் கல்லூரி என்றே அழைக்கப்படுகின்றது.

நம்மவர் சிலர் இக்கதையைச் சொல்லிப் பெருமிதங் கொள்வதுண்டு. பெருமிதங் கொள்வதற்கு முன் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பெல்லும் லங்காஸ்ரரும் மணலைக் கண்டு மயங்கியது பெரிதும் அதன் சிக்கனத்தைக் கண்டே. ஓராசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசை வரிசையாக இருத்தி, கட்டளைப்படி எழுதச் செய்து, கட்டளைப்படி அழிக்கச் செய்யும் இயந்திரமாக அம்முறை விரைவில் மாறிவிட்டது. மணல் போயிற்று, மணலின் பயன் போகவில்லை. அதேபோல நம் திண்ணையும் பொற்காலத் திண்ணையன்று. மணலுக்குப் பக்கத்திலே பிரம்பும் இருந்தது, கோதண்டமும் இருந்தது. பிள்ளை தானாகத் தேடிக் கண்டுகொள்வதற்கு அங்கு இடம் மிகக் குறைவு. 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, பின்னர் பாலபாடங்களை அச்சிட்டு வழங்கியபோது திண்ணைப் படிப்பின் குறைகள் பல நீங்கின; வகுப்பும் ஒழுங்கும் அச்சுப் புத்தகமும் வந்தன. அக்காலப் பெருந்தேவை அதுவே.

கைக்கும் அறிவுக்கும் உள்ள உறவை ஒரு தத்துவமாக ஆராய்ந்தவர்கள் ஐரோப்பாவில் வேறு வழியாக வந்தார்கள். சுவிற்சர்லாந்தில் 1746 இற் பிறந்த பெஸ்தலோசி, போரால் அநாதைகளான பிள்ளைகளை ஸ்ரான்ஸ் என்னும் ஊரில் திரட்டிக் காத்தவர். சொல்லைக் காட்டுவதற்கு முன் பொருளைக் காட்டுக என்பது அவர் கொள்கையின் சாரம். பின்பு இவேர்டன் நகரில் அவர் நடத்திய பாடசாலையைப் பார்க்க ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தனர். அப்படி வந்தவர்களுள் ஒருவரே பிரெடரிக் புரோபல்.

புரோபல் 1782 ஏப்ரில் 21 இல் ஜெர்மனியின் தூரிங்கியா மலைநாட்டில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஒரு வயது நிரம்புமுன்னரே தாயை இழந்தார். தாயின் பாட்டும் விளையாட்டும் கிடைக்காத அப்பிள்ளைதான் பிற்காலத்திலே தாய்மாருக்கென்று பாட்டும் கைவிளையாட்டும் கொண்ட ஒரு நூலை 1844 இல் ஆக்கித் தந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கின்றது. இளமையில் வனக்காவலர் ஒருவரிடம் தொழில் பழகினார். பின் ஆசிரியரானார், 1808 முதல் 1810 வரை பெஸ்தலோசியிடம் தங்கினார். அதன்பின் பேர்லினிற் கனிப்பொருட் காட்சிச்சாலையில் வைஸ் என்னும் பேராசிரியரின் கீழ்ப் பளிங்குக் கற்களை வகைப்படுத்தும் வேலை பார்த்தார். கல்லுக்குள்ளே ஒழுங்கான வடிவங்கள் தாமாக வளர்ந்திருப்பதைக் கண்டு அவர் உள்ளம் வியந்தது. காட்டிற் கண்ட மரத்தின் வளர்ச்சியும், கல்லிற் கண்ட வடிவின் ஒழுங்கும் அவர் மனத்தில் ஒன்றாயின. இவ்விரண்டையும் அறியாதவர்க்கு அவருடைய விளையாட்டுப் பொருட்கள் வெறும் மரக்கட்டைகளாகவே தோன்றும்.

1837 இற் பிளாங்கன்பேக் என்னும் சிற்றூரில் இளங்குழந்தைகளுக்காக ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு அவர் முதலில் இட்டிருந்த பெயர் மூச்சு விடாமற் சொல்ல முடியாத நீளம். ஒருநாள் நண்பர்களோடு மலைவழியே நடந்து வருகையில், கீழே பள்ளத்தாக்கு ஒரு தோட்டம்போல விரிந்து கிடப்பதைக் கண்டு, 'கிண்டர்காட்டன்' என்னும் பெயரைக் கண்டுபிடித்து மகிழ்ந்து கூவினார் என்று உடனிருந்தவர் எழுதியிருக்கின்றார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். 1840 இல் அப்பெயர் முறையாகச் சூட்டப்பட்டது. இது உவமை மாத்திரமன்று. அங்கே மெய்யான தோட்டமும் இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு பாத்தி, எல்லாருக்கும் பொதுவாகச் சில பாத்திகள். தன் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றாத பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதை ஆசிரியை வாயாற் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புரோபல் தம் விளையாட்டுப் பொருட்களை 'கொடைகள்' என்றார். முதற்கொடை, நிறம் நிறமான ஆறு மென்மையான கம்பளிப் பந்துகள். நூலிற் கட்டி ஆட்டலாம், உருட்டலாம், மறைக்கலாம், மீண்டும் காட்டலாம். இரண்டாவது, மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம். உருண்டை எப்பக்கமும் உருளும்; கனசதுரம் வைத்த இடத்தில் நிற்கும்; உருளையோ நிமிர்த்தினால் நிற்கும், சாய்த்தால் உருளும். முரண்பட்ட இரண்டுக்கும் நடுவே இரண்டின் குணமும் உடைய ஒன்று! மூன்று வயதுப் பிள்ளைக்குத் தத்துவம் போதிக்க இதனினும் எளிய வழி இல்லை. மூன்றாவது கொடை எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரிக்கக்கூடிய ஒரு கனசதுரம். அடுத்தவை மேலும் நுட்பமாகப் பிரிவன. பெட்டியைக் கவிழ்த்து மூடியை இழுத்துப் பெட்டியை மெல்லத் தூக்கினால், கட்டைகள் சிதறாமல் முழு வடிவமாக நிற்கும். பிள்ளை முதலில் முழுமையைக் காண வேண்டும். பின் பிரிக்க வேண்டும். விளையாட்டு முடிந்ததும் மீண்டும் முழுமையாக்கிப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒன்றை ஆக்கிய பின் அதை இடித்துத் தள்ளாமல், ஒவ்வொரு கட்டையாக நகர்த்தி இன்னொன்றாக மாற்ற வேண்டும் என்பதும் அவர் விதி. கதிரை மேசையாகும், மேசை வீடாகும்.

கொடைகளுக்கு அப்பால் கைவேலைகள் இருந்தன. காகிதம் மடித்தல், வெட்டுதல், காகிதக் கீலங்களைக் குறுக்கும் நெடுக்குமாக இழைத்தல், அட்டையில் ஊசியாற் குத்தித் தைத்தல், களிமண் பிசைதல் ஆகியவற்றோடு, ஊறவைத்த பயற்றையும் மெல்லிய குச்சிகளையும் கோத்து உருவங்கட்டும் வேலையும் உண்டு. இதைப் படிக்கும் பெரியோர்க்கு உடனே வேறொன்று நினைவு வரும். குரும்பட்டியில் ஈர்க்குக் குத்தித் தேர் கட்டாத பிள்ளை நம் ஊர்களில் முன்பு இருந்ததுண்டோ? குரும்பட்டி பொருந்துமிடம்; ஈர்க்குத் தாங்கும் கோடு. நாற்சதுரமாகக் கட்டினால் தேர் ஆடிச் சரியும். மூலைக்கு மூலை ஓர் ஈர்க்கைக் குறுக்கே பாய்ச்சினால் அசையாது நிற்கும். முக்கோணத்தின் வலிமையை எஞ்சினியர்மார் பின்னாற் படித்தறிவதற்கு முன், தேர் சரிந்த துக்கத்தில் அப்பிள்ளை அதை அறிந்துகொண்டது. பெட்டி இழைக்கும் ஆச்சியின் பக்கத்தில் இருந்து பனஞ்சார்வோலைத் துண்டில் ஒன்றுவிட்டொன்று கோத்துப் பழகிய பெண்பிள்ளை ஒற்றையையும் இரட்டையையும் விரலால் அறிந்தாள். கொக்கான் வெட்டியவள் கூட்டலையும் கழித்தலையும் காய்களாலே பழகினாள். நம்மிடம் இவையெல்லாம் இருந்தன. ஆயின் இவற்றைப் பள்ளிக்கூடத்தின் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டே பிள்ளையை உள்ளே அழைத்தோம். புரோபல் செய்த பெருங்காரியம், வாசலுக்கு வெளியே கிடந்ததை உள்ளே எடுத்து வந்து அதற்கு ஓர் ஒழுங்கு கொடுத்ததே.

கட்டையும் காகிதமும் வைத்து விளையாடும் குழந்தைகளைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது என்றால் நம்புவது அரிது. ஆயினும் அது நடந்தது. 1851 ஓகஸ்டு 7 இல் பிரஷ்ய அரசின் கல்வியமைச்சர் கிண்டர்காட்டன்களைத் தடைசெய்தார். 1848 ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் ஆட்சியாளர் எதிலும் சதி கண்ட காலம் அது. புரோபலின் உடன்பிறந்தார் மகன் கார்ல் புரோபல், பெண்கல்வி பற்றியும் கிண்டர்காட்டன் பற்றியும் ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். அவர் கொள்கைகள் அரசுக்கு ஆகாதவை. அவரையும் இவரையும் ஒன்றாகக் குழப்பி, நாத்திகமும் சமவுடைமையும் பரப்பும் நிலையங்கள் என்று பழிசுமத்தினார்கள். புரோபல் தாமே விளக்கம் எழுதினார், அரசருக்கும் முறையிட்டார், பயனில்லை. 1852 யூன் 21 இல், தடை நீங்காமலே, அவர் கண்மூடினார். தடை 1860 இலேதான் நீக்கப்பட்டது. சுவைனா என்னும் ஊரில் அவர் கல்லறைமேற் கனசதுரமும் அதன்மேல் உருளையும் அதன்மேல் உருண்டையுமாக அவருடைய இரண்டாம் கொடையையே கல்லில் எழுப்பி வைத்திருக்கின்றனர்.

தடை செய்தவர்கள் அறியாமலே அவர்கள் செய்த உதவி ஒன்றுண்டு. தாய்நாட்டில் இடமின்றிப் போன பலர் பிறநாடுகளுக்கு அம்முறையைக் கொண்டு சென்றனர். 1851 இல் இலண்டனிலும், 1856 இல் அமெரிக்காவின் உவாட்டர்டவுன் என்னும் ஊரிலும் ஜெர்மன் பெண்மணிகள் கிண்டர்காட்டன் தொடங்கினர். 1873 இற் சென் லூயிஸ் நகரில் சூசன் புளோ அம்மையார் அரசாங்கப் பாடசாலையோடு சேர்ந்த முதற் கிண்டர்காட்டனை அமைத்தார். 1876 இல் தோக்கியோவிலும் ஒன்று எழுந்தது; காகிதம் மடிக்கும் கலையிற் கைதேர்ந்த அந்நாட்டார் புரோபலின் மடிப்புகளையும் தம்முடையவற்றோடு சேர்த்துக்கொண்டனர். அதே ஆண்டிற் பிலடெல்பியாப் பொருட்காட்சியிற் கொடைகளைக் கண்ட ஒரு தாய் தம் சிறுவனுக்கு ஒரு தொகுதி வாங்கிக் கொடுத்தார். அச்சிறுவனே பிற்காலத்திற் கட்டடக்கலையில் உலகப் புகழ் பெற்ற பிராங் லொயிட் ரைட். அந்த மரக்கட்டைகளின் தொடுகை முதுமை வரையில் தம் விரல்களை விட்டு நீங்கவில்லை என அவர் எழுதிச் சென்றார்.

பரவிய இடமெங்கும் நன்மையே விளைந்தது என்றும் சொல்வதற்கில்லை. நூற்றாண்டு முடிவதற்குள் புரோபலின் விளையாட்டே ஒரு படைப்பயிற்சியாகிவிட்டது. ஆசிரியை கையைத் தட்டினால் ஐம்பது பிள்ளைகள் ஒன்றாகப் பெட்டியைத் திறக்க வேண்டும். ஒன்றாக முதற் கட்டையை எடுக்க வேண்டும். மேசையிற் கீறிய கட்டத்தில் ஒன்றாக வைக்க வேண்டும். தன் மனத்தில் எழுந்த வீட்டைக் கட்டிய பிள்ளை குழப்பக்காரப் பிள்ளையாயிற்று. மணலுக்கு இலண்டனில் நேர்ந்த கதியே கட்டைக்கும் நேர்ந்தது. பின்பு அமெரிக்காவிற் பற்றி ஹில் முதலிய ஆசிரியைகள் அக்கட்டுப்பாட்டை உடைத்தனர். மேசையிற் குனிந்திருந்து நகர்த்தும் சிறு கட்டைகளுக்குப் பதிலாக, தரையில் நின்று தோளோடு தூக்கிக் கட்டக்கூடிய பெருங்கட்டைகளைக் கொடுத்து, கட்டிய வீட்டினுள்ளே பிள்ளைகளே புகுந்து விளையாட விட்டனர்.

இனி மொண்டிசோரி அம்மையாரின் வரலாற்றுக்கு வருவோம். 1870 ஓகஸ்டு 31 இல் இத்தாலியிற் பிறந்த மரியா மொண்டிசோரி, 1896 இல் உரோம் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றவர். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு மருந்தினும் கல்வியே வேண்டுமெனக் கண்டு, பிரெஞ்சு வைத்தியர்களான இத்தார், செகேன் என்போரின் நூல்களைத் தேடிப் படித்தார். புலன்களைப் பழக்கும் பொருட்களை அவர்களிடமிருந்து பெற்றுத் திருத்தினார். அப்பிள்ளைகள் எழுதவும் வாசிக்கவும் கற்றபோது உலகம் அம்மையாரைப் பாராட்டியது. அம்மையாரோ வேறு விதமாகச் சிந்தித்தார். குறையுள்ள பிள்ளைகளே இவ்வளவு செய்வார்களாயின், குறையற்ற பிள்ளைகளைப் பாடசாலைகள் எவ்வளவு தாழ்த்தி வைத்திருக்கின்றன என்பதே அவர் கேள்வி.

விடை காணும் வாய்ப்பு 1907 சனவரி 6 இல் வந்தது. உரோம் நகரின் சான் லொறன்சோ என்னும் ஏழைப் பகுதியில் ஒரு கட்டடச் சங்கம் பழைய குடியிருப்புகளைத் திருத்தியமைத்தது. பெற்றார் வேலைக்குச் சென்றபின், பள்ளி செல்லும் வயது வராத சிறுவர் சுவரையும் படிக்கட்டையும் பழுதாக்கியதால், அவர்களை ஓரிடத்தில் வைத்துப் பார்க்க ஓர் அறை ஒதுக்கினர். கல்வி நோக்கத்தினாலன்று, சுண்ணாம்புச் செலவு மிச்சம்பிடிக்கும் நோக்கத்தினால்! ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகள். பயிற்றப்பட்ட ஆசிரியை இல்லை; அக்குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண்ணே பொறுப்பாக இருந்தார். அம்மையார் தம் பொருட்களை அங்கே வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கவனிக்கலானார். அவர் கற்பித்ததினும் கவனித்ததே பெரிது என்போம்.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, துளையிட்ட மரக்கட்டையில் உருளைகளைப் பொருத்தும் வேலையில் ஆழ்ந்திருந்தாள். அம்மையார் மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடச் செய்தார். அவள் இருந்த கதிரையோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தும் பார்த்தார். அவளோ பொருட்களை மடியில் அணைத்துக்கொண்டு மீண்டும் தன் வேலையில் மூழ்கினாள். நாற்பது தடவைக்குமேல் அதையே செய்து, பின் களைப்பின்றி, நல்ல உறக்கத்திலிருந்து எழுந்தவள்போல நிமிர்ந்து பார்த்தாள். வேறொரு நாள் பொருட்கள் வைத்த அலுமாரி பூட்டப்படாமற் கிடந்தது. ஆசிரியை பிந்தி வந்தபோது, பிள்ளைகள் தாமே வேண்டியதை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தனர். ஆசிரியை அதைக் களவு என்றார். தமக்கு எது வேண்டுமென்று பிள்ளைகளுக்குத் தெரிகின்றது என்றே அம்மையார் கொண்டார். பூட்டிய உயர்ந்த அலுமாரி போய், பிள்ளையின் கைக்கெட்டும் தாழ்ந்த தட்டுகள் வந்தது அதன்பின்னரே.

எழுத்துக்கு அவர் கண்ட வழியே நம் கட்டுரைக்கு மிக நெருங்கியது. உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி வழுவழுப்பான அட்டையில் ஒட்டி, ஒலியைச் சொல்லிக்கொண்டே இரு விரல்களாற் பிள்ளையைத் தடவச் செய்தார். விரல் தடத்தைவிட்டு விலகினால் வழுவழுப்புத் தட்டும்; ஆசிரியை பிழையென்று சொல்ல வேண்டியதில்லை, அட்டையே சொல்லும். வேறாகப் பென்சில் பிடித்து உருவங்களுக்குள் கோடு நிரப்பும் பழக்கமும் கொடுக்கப்பட்டது. ஒருநாள் கூரைமேலிருந்த புகைபோக்கியைப் பார்த்து வெண்கட்டியால் வரைந்த ஒரு சிறுவனை, அச்சொல்லை எழுது என்று அம்மையார் கேட்டார். அவன் எழுதினான். எழுதியவன் தன் கையே தன்னை ஏமாற்றிவிட்டதுபோல வியந்து, எனக்கு எழுதத் தெரியும் என்று கூவினான். மற்றவர்களும் தரையிலும் கதவிலும் எழுதத் தொடங்கினர். வாசிக்கக் கற்பதற்கு முன் எழுத வந்துவிட்டது அப்பிள்ளைகளுக்கு! விரலால் தடத்தை ஓட்டி, வாயால் ஒலித்து எழுத்தறிவது நம் மணலில் நடந்த வேலையே. அம்மையார் இதை நம்மிடமிருந்து பெற்றாரல்லர். செகேனின் வழிவந்து தாமே கண்டார். வேறு வேறு வழியால் வந்த இருவர் ஒரே கிணற்றில் தண்ணீர் மொண்டதாகக் கொள்வதே முறை. அவர் மணலோடு சேர்த்துத் தந்தது, பிரம்பில்லாத ஓர் அறை.

அம்மையாரையும் எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்கக் கல்வியறிஞர் கில்பற்றிக் 1914 இல் ஒரு நூலெழுதி, பொருட்கள் ஒரே விதமாகப் பயன்படுமாறு அமைந்திருப்பதால் பிள்ளையின் கற்பனைக்கு இடம் குறைவு என்று குறைகூறினார். இக்குற்றச்சாட்டை முற்றாகத் தள்ளிவிட முடியாது. உருளையை வண்டிச்சக்கரமாக்க விரும்பும் பிள்ளைக்குப் புரோபலின் பெட்டியிலும் குரும்பட்டித் தேரிலும் உள்ள சுதந்திரம் அங்கில்லை. ஆயினும், பெரியவர் கைகொடாமற் பிள்ளை தன் பிழையைத் தானே கண்டு திருத்தும் ஏற்பாட்டில் அம்மையாரை விஞ்சியவரை நாம் அறியோம்.

1939 இன் இறுதியிற் பிரமஞான சங்கத்தாரின் அழைப்பை ஏற்று, தம் மகன் மாரியோவுடன் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஓலைக் கொட்டில்களில் நடந்த முதற் பயிற்சி வகுப்பிலே ஏறத்தாழ முந்நூறு பேர் தரையிலே பாய்விரித்து அமர்ந்து கேட்டனர். அம்மையார் இத்தாலிய மொழியிற் பேச, மாரியோ ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். சில மாதங்களுக்குள் இத்தாலி போரிற் புகுந்ததனால் இருவரும் பகைநாட்டவராயினர். மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளில், 1940 ஓகஸ்டு 31 இல், விடுவிக்கப்பட்டார். போர் முடியும்வரை ஊர்திரும்ப இயலாத அக்காலத்திற் கோடைக்கானல் மலையில் தங்கிப் பிள்ளைகளோடு இலையும் பூவும் புழுவும் ஆராய்ந்தார். 1944 இல் நம் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். இன்று நம் பட்டினங்களிலே தெருவுக்கொரு 'மொண்டிசோரி' இருப்பதற்கு இவ்வரவும் ஒரு காரணம். அவர் 1952 மே 6 இல் ஒல்லாந்திற் காலமானார்.

பெயர்ப்பலகை பெருகியதுபோலப் பொருள் பெருகவில்லை என்பதே நம் மனக்குறை. 1998 இற் கம்பஹா மாவட்டத்திலும் அடுத்த ஆண்டில் நாடெங்கும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலிரண்டு வகுப்புகளுக்கும் வழிப்படுத்திய விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்னும் மூன்றையும் விதித்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அரசாங்கமே விளையாட்டை விதித்திருக்க, அதற்குக் கீழ்ப்பட்ட மூன்று வயதுப் பிள்ளைக்கு முன்பள்ளியிற் கொப்பியும் வீட்டுவேலையும் கொடுப்பது எந்த நியாயம்? ஆசிரியைகளை மட்டும் குறைகூறுதல் தகாது. அவர்களிற் பெரும்பாலார் சொற்ப வேதனத்திற்கு உழைக்கும் இளம்பெண்கள். பிள்ளை களிமண் பிசைந்த கையோடு வீட்டுக்கு வந்தால், பள்ளிக்கூடத்தில் ஒன்றும் படிப்பிக்கவில்லை என்று முறையிடுபவர் பெற்றாரே. ஒரு பக்கம் நிறைய 'அ' எழுதிய கொப்பியைக் கண்டால்தான் அவர்கள் மனம் ஆறுகின்றது. விரலெலும்பு இன்னும் முற்றாத கையில் ஏடு தொடக்கிய மறுநாளே பென்சிலைத் திணிக்கின்றோம். முதல்நாள் அரிசியிற் சென்ற விரல் இரண்டாம்நாள் அரிசிக்கோ மணலுக்கோ திரும்புவதில்லை.

கோயில் மண்டபங்களிலும் சனசமூக நிலையங்களிலும் பாலர் வகுப்பு நடத்தும் நம் இளைஞர் சிலர், பொருள் வாங்கப் பணமில்லை என்று சொல்லக் கேட்டிருக்கின்றோம். மொண்டிசோரிப் பொருட்களின் விலை அவ்வாறானதுதான். மணற்றட்டுக்கோ பெருஞ்செலவில்லை. நான்கு விரல் உயரமுள்ள விளிம்புடைய ஒரு பலகைத்தட்டு. அதன் அடித்தளம் கறுப்பு நிறமாயிருந்தால் விரல் சென்ற தடம் தெளிவாகத் தெரியும். கடற்கரை மணலாயின் உப்பும் சிப்பித்தூளும் போக இரண்டு மூன்று முறை கழுவி, வெயிலில் உலர்த்தி, மாவரியால் அரித்துக்கொள்ள வேண்டும். ஒரு தட்டுக்கு இரண்டு சுண்டு மணல் போதுமானது. கூடினால் தடம் தூர்ந்துவிடும். களிமண்ணை முதல்நாளே நனைத்து ஈரச்சாக்கால் மூடி வைக்க வேண்டும். குரும்பட்டி, ஈர்க்கு, புளியங்கொட்டை, சிரட்டை முதலியவற்றைப் பிள்ளைகளே கொண்டு வருவார்கள். குன்றிமணி அழகாயிருப்பினும் நஞ்சுள்ளது. அதனைப் பாலர் கையிற் கொடுக்கலாகாது. மிகச் சிறிய பிள்ளைகள் எதையும் வாயில் வைப்பராதலால் புளியங்கொட்டையையும் நான்கு வயதுக்கு மேற்பட்டவர்க்கே கொடுத்து, ஆசிரியை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.